ஊளையிட்ட ஊரே ஜெர்சியை ஏற்றியது: வின்ஸ் கார்ட்டரும் டொராண்டோவும்

2004-05 சீசனில் கூடைப்பந்து ஆட்டக்காரர் வின்ஸ் கார்ட்டர் இரண்டு அணிகளுக்கு ஆடினார். டிசம்பர் வரை டொராண்டோ ராப்டர்ஸுக்கு 20 ஆட்டங்கள், சராசரி 15.9 புள்ளி. டிசம்பர் 17-ம் தேதி அவரை நியூஜெர்சி நெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மீதி சீசனில் அவருடைய சராசரி 27.5. ஆள் அதே ஆள், வலித்த முழங்கால் அதே முழங்கால். அதற்கப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம், அவர் டொராண்டோ வந்து பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கமே ஊளையிட்டது. ஏன் என்று கேட்டால் அந்த ஊர் ரசிகர்கள் நூறு காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த இரண்டு எண்களே போதும் என்று தோன்றுகிறது.

அதே ஊர், 2024 நவம்பர் 2 அன்று, அவருடைய 15-ம் எண் ஜெர்சியை அரங்கத்தின் கூரையில் ஏற்றி வைத்தது. ராப்டர்ஸ் வரலாற்றிலேயே அப்படி ஏற்றப்பட்ட முதல் ஜெர்சி அது. அந்த அணிக்கு 2019-ல் ஒரு கோப்பை கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் கிடைக்காத மரியாதை, தன் 22 வருட ஆட்டத்தில் ஒரு கோப்பையைக்கூடத் தொடாத மனிதருக்கு முதலில் கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புரியாது. உள்ளூர்க்காரர்களிலும் பலருக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

கதை தொடங்கும்போது டொராண்டோ முழுக்க முழுக்க ஐஸ் ஹாக்கி ஊர். மேப்பிள் லீஃப்ஸ் 1967-க்குப் பிறகு கோப்பை வாங்கவில்லை. ஆனாலும் குளிர்காலம் முழுக்க அவர்கள் பேச்சுதான். 1995-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கனடாவில் இரண்டு அணிகளை இறக்கியது: டொராண்டோவில் ராப்டர்ஸ், வான்கூவரில் கிரிஸ்லீஸ். ராப்டர்ஸுக்கு டைனோசர் படம் போட்ட ஊதா ஜெர்சி. ஆட்டம் நடந்ததோ பேஸ்பால் மைதானமான ஸ்கைடோமில். முதல் நட்சத்திரம் டேமன் ஸ்டௌடமையர், வந்த வருஷமே சிறந்த புதுமுக விருது வாங்கினார். அவரைத் தேர்ந்தெடுத்த மேலாளர் ஐசையா தாமஸ் 1997-ல் கிளம்பினார். 1998 பிப்ரவரியில் ஸ்டௌடமையரும் போர்ட்லாண்டுக்குப் போய்விட்டார். அந்த சீசனில் ராப்டர்ஸ் கணக்கு 16 வெற்றி, 66 தோல்வி. அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கனடா என்றால் குளிர், வேறு வரி, ஒவ்வொரு பயணத்திலும் எல்லைச் சோதனை. நம்ம ஊருக்கு வரும் நல்ல ஆட்டக்காரன் இங்கே தங்க மாட்டான் என்ற எண்ணம் டொராண்டோ ரசிகன் மனதில் அப்போதே விழுந்துவிட்டது. பின்னால் நடந்ததையெல்லாம் அந்த எண்ணத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1998-ல், அணிகள் வரிசைப்படி புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரவில், ராப்டர்ஸ் நான்காவதாக ஆன்டான் ஜேமிசனை எடுத்தது. கோல்டன் ஸ்டேட் ஐந்தாவதாகக் கார்ட்டரை எடுத்தது. உடனே இரண்டு பேரையும் மாற்றிக்கொண்டார்கள். இருவரும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடிய நண்பர்கள். முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே நடந்த ஊதியத் தகராறால் அந்த சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அந்த ஐம்பதுக்குள்ளேயே கார்ட்டர் சிறந்த புதுமுகம் ஆனார். 1999 பிப்ரவரியில் ராப்டர்ஸுக்கு ஒழுங்கான புது அரங்கம் கிடைத்தது. அதற்கு ஏர் கனடா என்ற விமான நிறுவனத்தின் பெயர். கார்ட்டர் குதிப்பதைப் பார்த்த ஜனங்கள் அந்தப் பெயரை அவருக்கே பட்டமாக வைத்துவிட்டார்கள். பக்கத்தில் டிரேசி மெக்ரேடி என்ற இன்னொரு இளைஞர். கார்ட்டருக்குத் தூரத்து உறவு, திறமையில் சளைத்தவர் அல்ல.

அப்புறம் வந்தது 2000 பிப்ரவரி 12. ஓக்லாந்தில், லீக்கின் நட்சத்திரங்கள் கூடும் ஆல்-ஸ்டார் வார இறுதியின் டங்க் போட்டி. எழும்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே அடிப்பதுதான் டங்க். அந்தப் போட்டியை ஆட்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள். சலித்துப்போய் 1998-ல் அதை நடத்தவே இல்லை. கார்ட்டரின் முதல் டங்கிலேயே எல்லாம் மாறியது. ஓடி வந்து, வழக்கமாக ஆட்கள் சுழலும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் முழுச் சுற்று சுற்றி, கையைக் காற்றாலை மாதிரி வீசிப் பந்தை உள்ளே அடித்தார். மூன்றாவது டங்குக்கு மெக்ரேடி பந்தைத் தரையில் தட்டிக் கொடுக்க, அதை அந்தரத்தில் பிடித்து, கால்களுக்கு இடையே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, அதே குதிப்பில் அடித்து முடித்தார். இறங்கியதும் கேமராவைப் பார்த்து, ‘முடிந்தது’ என்று கையை அசைத்தார். இன்னும் போட்டி மிச்சமிருந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். அடுத்ததில் முன்கையை முழங்கை வரை வளையத்துக்குள் விட்டு அப்படியே தொங்கினார். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதே வருஷம் செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்ஸ். பிரான்ஸுடனான ஆட்டத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவர், வழியில் நின்ற ஃபிரெடெரிக் வெய்ஸைச் சுற்றிப் போகவில்லை. அவர் தலைக்கு மேலேயே தாவி டங்க் அடித்தார். வெய்ஸின் உயரம் 7 அடி 2 அங்குலம். பிரெஞ்சுக்காரர்களே அதற்கு ‘மரண டங்க்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதையெல்லாம் செய்தவர் நியூயார்க் ஆளாகவோ லாஸ் ஏஞ்சலஸ் ஆளாகவோ இல்லாமல் டொராண்டோவின் ஆளாக இருந்தார் என்பதுதான் அந்த ஊருக்குப் பெரிய விஷயம். குடியேறிகள் நிறைந்த ஊர் அது. ஹாக்கி ஆட மட்டை, காலணி, கவசம், ஐஸ் மைதானக் கட்டணம் என்று காசு கரையும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும், பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு வளையமும் போதும். கரீபியன், ஆப்பிரிக்க, பிலிப்பினோ, பஞ்சாபிப் பிள்ளைகளோடு, 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஸ்கார்பரோ பக்கம் வந்து சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வளையங்களுக்குக் கீழேதான் வளர்ந்தார்கள். முதல் சீசனிலிருந்து ராப்டர்ஸின் உள்ளூர் ஆட்டங்களுக்கு விடாமல் வந்து, ‘சூப்பர் ஃபேன்’ என்று பேர் வாங்கிய நவ் பாட்டியா ஒரு சீக்கியர். கனடா என்றால் ஹாக்கி என்று சொல்லும் ஊரில், இவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட ஆட்டம் இது. அதன் முகம் கார்ட்டர். சில வருஷத்தில் டிரிஸ்டன் தாம்சன், ஆண்ட்ரூ விக்கின்ஸ் என்று டொராண்டோ சுற்றுவட்டாரப் பையன்கள் வரிசையாக என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தபோது, சின்ன வயசில் யாரைப் பார்த்து ஆடத் தொடங்கினாய் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது.

மெக்ரேடி 2000 கோடையிலேயே ஒர்லாண்டோவுக்குக் கிளம்பிவிட்டார். கார்ட்டர் இருந்தார். 2000-01 சீசனில் சராசரி 27.6, அணிக்கு 47 வெற்றி. நியூயார்க் நிக்ஸை வீழ்த்தி ராப்டர்ஸ் முதன்முறையாக ஒரு பிளே-ஆஃப் சுற்றை, அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில் ஒன்றை, தாண்டியது. இரண்டாவது சுற்றில் எதிரே ஆலன் ஐவர்சனின் பிலடெல்ஃபியா; முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குச் சுற்று. ஐவர்சன் ஒரு ஆட்டத்தில் 54, இன்னொன்றில் 52 எடுத்தார். நடுவில் கார்ட்டர் 50 எடுத்தார், அதில் ஒன்பது, தூரத்திலிருந்து போடும் மூன்று-புள்ளி வீச்சுகள். ஆளுக்கு மூன்று வெற்றி ஆகி, ஏழாவது ஆட்டம் 2001 மே 20 அன்று பிலடெல்ஃபியாவில் என்று முடிவானது.

அன்று காலையில்தான் நார்த் கரோலைனாவில் அவருக்குப் பட்டமளிப்பு விழா. படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் அங்கி போட்டு விழாவில் உட்கார்ந்துவிட்டு, தனி விமானத்தில் பிலடெல்ஃபியா வந்து, நேரத்துக்கு அரங்கத்தில் இருந்தார். ஆட்டம் கடைசி வினாடி வரை போனது. ராப்டர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, மிச்சம் 2 வினாடி. இடது பக்கம் பந்து கார்ட்டர் கைக்கு வந்தது. வீசுவது போல் ஒரு போக்குக் காட்டினார், தடுக்க வந்தவர் ஏமாந்து பறந்துபோனார், எதிரே ஆளில்லை. வீசினார். பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு வெளியே போனது. 88-87.

அன்று அவர் 18 வீச்சில் 6 போட்டிருந்தார். பட்டமளிப்புக்குப் போயிருக்காவிட்டால் அந்தக் கடைசிப் பந்து உள்ளே போயிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிடிக்காதவர்களுக்குப் பிற்பாடு அது முதல் சாட்சியாகிவிட்டது. நான் கார்ட்டர் பக்கம்தான். ஒரு பையன் தன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு, அதே நாளில் வேலைக்கும் நேரத்துக்கு வந்திருக்கிறான். அதைக் குற்றமாக எழுதுவது அநியாயம். அந்தக் கோடையிலேயே அவர் டொராண்டோவில் இன்னும் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டார், 9.4 கோடி டாலருக்கு. அப்பாடா, இந்த ஆள் தங்கப்போகிறான் என்று ஊர் பெருமூச்சு விட்டது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை

முழங்கால் படுத்தத் தொடங்கியது. அளவுக்கு மீறிக் குதிப்பவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் தேய்ந்து வீங்கும், அதுதான் அவருக்கும். 2001-02-ல் 60 ஆட்டத்தோடு நின்று அறுவை சிகிச்சைக்குப் போனார். அவர் இல்லாமலே அணி கடைசி 14 ஆட்டங்களில் 12-ஐ ஜெயித்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது, அவருக்கு அது நல்ல விளம்பரமாக இல்லை. அடுத்த சீசனில் 43 ஆட்டம்தான் ஆடினார். தரையில் விழுந்தால் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்கிறார், வளையத்தை நோக்கிப் புகுவதை விட்டுவிட்டுத் தூரத்தில் நின்றே வீசுகிறார் என்று முணுமுணுப்பு வந்தது. இனி டங்க் அடிக்கப் போவதில்லை என்று சொன்னதாகவும் செய்தி வந்தது. உலகத்திலேயே சிறந்த டங்க் ஆட்டக்காரர் அப்படிச் சொன்னால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு எப்படி இருக்கும்.

நிர்வாகமும் லேசுப்பட்டதில்லை. 2003-04-ல் வந்த பயிற்சியாளர் கெவின் ஓ’நீல் ஆட்டத்தை அப்படி மெதுவாக்கினார். அணியின் சராசரி 85.4 புள்ளிக்கு இறங்கியது. 2004 ஏப்ரலில் பொது மேலாளர் க்ளென் க்ரன்வால்ட் வேலையிழந்தார். அந்த இடத்துக்குப் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் ஜூலியஸ் எர்விங்கைப் பரிசீலிக்க வேண்டும் என்று கார்ட்டர் விரும்பினார். நிர்வாகம் ராப் பாப்காக்கைக் கொண்டுவந்தது. பாப்காக் அந்த வருஷ டிராஃப்டில் எட்டாவதாக எடுத்தது பிரேசில்காரர் ரஃபேல் அரௌஜோவை. ஒன்பதாவதாகப் போனவர் ஆந்திரே இகுவடாலா. பிற்பாடு இறுதிப்போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். அரௌஜோ மூன்று சீசனில் லீக்கை விட்டே போனார். கார்ட்டர் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதற்குப் பின்னால் இதெல்லாம் இருந்தது. பைத்தியக்காரத்தனமாக நடத்தப்படும் ஆபீஸிலிருந்து நல்ல வேலைக்காரன் முதலில் கிளம்புவான், இதில் அதிசயமில்லை.

கிளம்பியதை விட, கிளம்புவதற்கு முந்தின அந்த 20 ஆட்டம்தான் விவகாரம். சட்டப்படி ஆடினார், மனசு ஆடவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் பட்டது. பிறகு டிரேடில், அதாவது அவரைக் கொடுத்து மாற்றிக்கொண்ட பேரத்தில், கிடைத்ததைப் பாருங்கள்: அலோன்சோ மோர்னிங், எரிக் வில்லியம்ஸ், ஆரோன் வில்லியம்ஸ், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த மோர்னிங், டொராண்டோவுக்கு வரவே மறுத்தார். பல லட்சம் டாலர் கொடுத்து அவரை விடுவித்தார்கள். அவர் மயாமி போய் 2006-ல் கோப்பையை வாங்கினார். இரண்டு வில்லியம்ஸ்களும் சாதாரண ஆட்டக்காரர்கள். டிராஃப்ட் வாய்ப்பில் வந்தவர் ஜோயி கிரஹாம். என்.பி.ஏ. வரலாற்றின் மட்டமான டிரேடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கும். தப்பு பாப்காக்கினுடையது, ஆனால் 2006 ஜனவரியில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். கோபப்பட முகம் வேண்டுமே. கார்ட்டரின் முகம்தான் மிஞ்சியது.

2005 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் தாம்சன் அவரிடம் நேரடியாகவே கேட்டார்: எப்போதும் முழு முயற்சியோடு ஆடினாயா? கடந்த வருஷங்களில் இல்லை என்று கார்ட்டர் ஒப்புக்கொண்டார்; திறமை இருந்ததால் சமாளிக்க முடிந்தது என்ற தொனியில் பேசினார். தான் சொல்ல வந்தது வேறு என்று பிற்பாடு விளக்கினார், யார் கேட்டார்கள்? ஒரு பக்கம் 27.5 என்ற எண், இன்னொரு பக்கம் வாக்குமூலம். டொராண்டோ ரசிகனுக்கு வழக்கு முடிந்தது.

அந்த எண்ணைக் கார்ட்டர் பக்கமிருந்து பார்க்கவும் இடமிருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்குச் சுமார் 30 நிமிடம், நியூஜெர்சியில் 39. அங்கே பந்து கொடுக்க ஜேசன் கிட் இருந்தார், ஆட்டத்தை நடத்திப் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பாயின்ட் கார்டுகளில் அந்தக் காலத்தின் சிறந்தவர். ஆக, 12 புள்ளி வித்தியாசத்தில் ஒரு பகுதிக்கு நியாயமான விளக்கம் உண்டு. முழுவதற்கும் இல்லை.

ஊளையின் வருஷங்கள்

2005 ஏப்ரல் 15-ல் நெட்ஸ் ஜெர்சியில் முதன்முறை டொராண்டோ வந்தார். ஊளை என்றால் அப்படி ஓர் ஊளை. பந்து அவர் கைக்குப் போகும்போது எழும்பும், கையை விட்டால் அடங்கும். அவர் 39 புள்ளி எடுத்து ஜெயித்துவிட்டுப் போனார். 2006 ஜனவரியில் மறுபடி வந்தார்: 42 புள்ளி, அதில் கடைசி நொடியில் போட்ட வெற்றி மூன்று-புள்ளி, 105-104. 2007-ல் ராப்டர்ஸ் கிறிஸ் பாஷ் தலைமையில் முதல்முறையாகத் தன் டிவிஷனை ஜெயித்து பிளே-ஆஃபுக்கு வந்தது. முதல் சுற்றில் எதிரே வந்து நின்றது கார்ட்டரின் நெட்ஸ். ராப்டர்ஸ் அந்தச் சுற்றோடு வீட்டுக்குப் போனது. 2008 நவம்பரில் நிர்ணய நேரம் முடியும் தருவாயில் மூன்று-புள்ளி போட்டு ஆட்டத்தைச் சமமாக்கினார். கூடுதல் நேரத்தின் கடைசியில், அந்தரத்தில் வந்த பாஸைப் பிடித்துத் தலைகீழ் டங்க் அடித்து ஜெயிக்க வைத்தார். டங்க் அடிக்க மாட்டேன் என்றாரே, அந்த மனிதர்!

அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் சில டொராண்டோ அரங்கத்தில் டொராண்டோவுக்கு எதிராக ஆடியவை. ஊளை அவரை முடுக்கிவிட்டது, அவர் ஆட்டம் ஊளையை ஏற்றிவிட்டது. உனக்கு இது முடியும், எங்களுக்காகச் செய்யத்தான் உனக்கு மனசில்லை என்பதை ஒவ்வொரு வருகையிலும் அவரே நிரூபித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டக்காரனுக்கு ஆட்டம் வராவிட்டால் ரசிகன் அலுத்துக்கொள்வான், கேலி செய்வான், கொஞ்ச நாளில் மறந்தும் விடுவான். வந்ததை ஒளித்துவைத்தான் என்று சந்தேகம் வந்துவிட்டால் விட மாட்டான்.

பிலடெல்ஃபியாவில் பென் சிம்மன்ஸுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2016 டிராஃப்டில் முதல் ஆள். மூன்று முறை ஆல்-ஸ்டார். தூரத்திலிருந்து பந்து வீசுவதென்றால் மட்டும் பயம். 2021 பிளே-ஆஃபில், யாரும் தடுக்காமல் நின்று வீசும் ஃப்ரீ த்ரோக்கள் 73-ல் 25 மட்டுமே போட்டார். அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், வளையத்துக்கு நேர் கீழே, தன்னைவிட மிகக் குட்டையான ட்ரே யங் மட்டுமே பக்கத்தில் இருக்க, டங்க் அடிக்காமல் பந்தை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். ஊரே வெடித்தது, அவரும் திரும்ப ஆட மறுத்து, 2022 பிப்ரவரியில் புரூக்ளினுக்குப் போனார். ஆனால் போன இடத்திலும் முதுகு வலி, அதே தயக்கம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிலடெல்ஃபியாவின் கோபம் மெல்ல மெல்லப் பரிதாபத்தின் பக்கம் சரிந்தது. கார்ட்டர் மேல் யாருக்கும் பரிதாபம் வரவில்லை, வருவதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

முழங்காலைப் பற்றி இன்னொரு வார்த்தை. எப்போதும் அடிபட்டுக் கிடக்கிறார் என்று திட்டப்பட்ட மனிதர் மொத்தம் 22 சீசன் ஆடினார். 2020-ல் அவர் ஓய்வு பெற்றபோது லீக்கில் வேறு யாரும் அத்தனை சீசன் ஆடியிருக்கவில்லை. ஒர்லாண்டோ, ஃபீனிக்ஸ், டாலஸ், மெம்ஃபிஸ், சாக்ரமெண்டோ, அட்லாண்டா என்று போய், வயதாக ஆக நட்சத்திர நாற்காலியை விட்டு இறங்கி, பெஞ்சிலிருந்து வந்து ஆடி, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவராக மாறினார். டொராண்டோவில் இதையும் இரண்டு விதமாகப் பேசினார்கள். உடம்பை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டதால்தான் இத்தனை வருஷம் ஓடியது, அப்போது அவர் செய்தது சரி என்றது ஒரு கட்சி. இவ்வளவு உழைப்பையும் அடக்கத்தையும் எங்களிடம் காட்டியிருந்தால் என்ன என்று கேட்டது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்து நல்ல பதில் இல்லை. 25 வயதில் வராத முதிர்ச்சி 35-ல் வரும். அது அவர் தப்பும் இல்லை, ரசிகனுக்கு ஆறுதலும் இல்லை.

2014 நவம்பர் 19

அன்று மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் டொராண்டோ வந்தது. ஒரு காலத்தில் வான்கூவரில் இருந்து, 2001-ல் கனடாவை விட்டே போன அதே அணி. அதன் ஜெர்சியில் 37 வயதுக் கார்ட்டர். ராப்டர்ஸின் 20-வது சீசன் என்பதால் பழைய நட்சத்திரங்களுக்கு மரியாதையாக வீடியோக்கள் தயாரித்திருந்தார்கள். முதல் கால்பகுதியில் வந்த டைம்-அவுட்டில் கார்ட்டரின் வீடியோ பெரிய திரையில் ஓடத் தொடங்கியது. இங்கே அங்கே சில ஊளைகள். பிறகு ஊதா ஜெர்சி, ஓக்லாந்து டங்குகள், கத்தும் பழைய கூட்டம் எல்லாம் திரையில் வர வர, ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டல் நிற்கவில்லை. கார்ட்டர் திரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஜெர்சியால் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்துக் கூட்டத்துக்கு நன்றி காட்டினார்.

இதை எல்லோரும் மன்னிப்பு என்றே எழுதினார்கள். பத்து வருஷம் போனதும் கோபம் தணிந்தது, மனிதர் அழுததும் ஊர் உருகியது என்று கதை. பத்து வருஷத்தில் தணியாத கோபங்களும் விளையாட்டில் எத்தனையோ உண்டு. அந்த இரவில் வேறொன்றும் மாறியிருந்தது: ராப்டர்ஸ் நல்ல அணியாக இருந்தது. முந்தின சீசனில் 48 வெற்றி; கைல் லோரியும் டிமார் டிரோசனும் தலைமையில்; மேலாளர் மசாய் உஜிரி; அரங்கத்துக்கு வெளியே பெரிய திரை வைத்துக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஆட்டம் பார்க்கும் பழக்கம் ஆரம்பித்திருந்தது. அந்த ஆட்டத்தையும் ராப்டர்ஸ்தான் ஜெயித்தது, 96-92. தோற்றுக்கொண்டிருந்த வருஷங்களில் கார்ட்டர் என்பவர் ‘இப்படி இருந்திருக்கலாமே’ என்ற வலி. ஜெயிக்கத் தொடங்கிய பிறகு அவர் பழைய கதை ஆனார், பழைய கதைக்குக் கைதட்டச் செலவு இல்லை.

இதற்கு இன்னொரு ஆதாரம் கவாய் லெனர்ட். 2018-ல் வந்தார், ஒரே சீசன் ஆடினார், 2019 மே 12-ல் அதே பிலடெல்ஃபியாவுக்கு எதிராக, அதே இரண்டாவது சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நொடியில் அவர் வீசிய பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 18 வருஷத்துக்கு முன் வெளியே போன பந்து இப்போது உள்ளே போனது என்று டொராண்டோவில் பேசாத வாய் இல்லை. ஜூன் 13-ல் கோப்பையும் வந்தது, அதுவும் கார்ட்டர் டங்க் போட்டியை ஜெயித்த அதே ஓக்லாந்து அரங்கத்தில். அடுத்த மாதமே லெனர்ட் சொந்த ஊர்ப் பக்கம், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பினார். டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் ஆளாக டொராண்டோ வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள், கோப்பை மோதிரத்தைக் கையில் கொடுத்தார்கள். ஏழு சீசன் உள்ளே இருந்துவிட்டுப் போன கார்ட்டருக்கு ஊளை, ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போன லெனர்ட்டுக்கு மாலை. கோப்பை கொடுத்துவிட்டுப் போனவன் ஊருக்குக் கடன்பட்டவன் இல்லை. கார்ட்டரின் பேரில் ரசிகர்கள் எழுதி வைத்திருந்த கடனையும் 2019 கோப்பையே அடைத்தது என்று எனக்குப் படுகிறது; அவர் கண்ணீருக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

அந்தக் கோப்பை இல்லாமல் 2024 நவம்பரில் அவர் ஜெர்சி ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. அதற்கு முந்தின மாதம்தான் அவர் கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்திருந்தார். ஜெர்சி ஏற்றும் விழாவுக்கு மெக்ரேடி வந்திருந்தார். அன்றைய எதிரணி சாக்ரமெண்டோ. அதில் ஆடியவர் டிமார் டிரோசன். இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒன்பது சீசன் ஆடி, கடைசியில் லெனர்ட்டுக்காக விற்கப்பட்டவர். போகக் கேட்டவரின் ஜெர்சி கூரைக்கு ஏறும் நாளில், இருக்கக் கேட்டவர் எதிரணி உடையில் நின்றார். அமைப்பாளர்கள் யோசித்துச் செய்தார்களோ என்னவோ, எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

முதல் ஜெர்சி லோரியுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பவர்கள் டொராண்டோவில் ஏராளம். ஒன்பது சீசன், ஒரு கோப்பை, ஒருநாளும் ஆட்டத்தில் அரைமனசு கிடையாது. லோரி அப்போதும் பிலடெல்ஃபியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார், ஆடிக்கொண்டிருப்பவரின் ஜெர்சியை ஏற்றும் வழக்கமில்லை என்று அதற்குப் பதில் சொல்கிறார்கள். அப்படியானால் காத்திருந்திருக்கலாமே என்று அடுத்த கேள்வி வருகிறது. காத்திருந்தால் கார்ட்டருக்குக் கிடைப்பது இரண்டாவது இடம். வரலாறு நடந்த வரிசை அது இல்லை. அவர் இல்லாவிட்டால் வான்கூவர் மாதிரி டொராண்டோவும் அணியை இழந்திருக்கும் என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் லோரி ஜெயிக்கும்போது கத்துவதற்கு அத்தனை பேர் அந்த அரங்கத்தில் இருந்ததற்கும், தெருவில் இருந்ததற்கும் கார்ட்டர் பெரிய காரணம். அதனால் ஜெர்சி ஏறியது சரி என்றே நினைக்கிறேன். அன்று கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களிடமும் எனக்கு வழக்கு இல்லை; அந்த 20 ஆட்டங்களுக்கு அவர்கள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.